சைக்கிள் விலை ரூ.6 ஆயிரம்! திருடு போனால் "அம்போ"தான்!

சென்னை தேனாம்பேட்டையில் தினமும் விடிகாலை 5 மணிக்கு ஒரு ஊர்வலம் கிளம்புகிறது. கொடி கிடையாது. கோஷம் கிடையாது. போலீஸ் பந்தோபஸ்தும் கிடையாது.

அது சைக்கிள் ஊர்வலம்!

முதலில் வருபவர்கள் பேப்பர் போடும் பையன்கள். அவர்கள் பின்னாலேயே பால் பாக்கெட் பைகளை ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி பால் போடுகிறவர்கள். அப்புறம் ஓட்டலில் மாவாட்ட, காய்கறி நறுக்க, பாத்திரம் துலக்க போகிறவர்கள். கேரியரில் டீ கேனை கட்டிக்கொண்டு ஒருவர். எதிர்ப்பக்கம், ராத்திரி டூட்டி முடிந்து, கண் சிவந்து வீடு திரும்பும் வாட்ச்மேன்கள்.

எல்டாம்ஸ் ரோட்டில் இருந்தும், கே.பி.தாசன் ரோட்டில் இருந்தும், சந்து பொந்துகளில் இருந்தும் வந்து அண்ணா சாலையில் கலக்கிறார்கள். எட்டரை மணிக்கு பார்த்தால் ஒருவரையும் காணோம். பஸ், கார், மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் சைக்கிளை பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

பெட்ரோல் வேண்டாம், லைசென்சு வேண்டாம், இன்சூரன்சு வேண்டாம். சைக்கிளை போல் செலவு இல்லாத வண்டி உண்டா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த "செலவு இல்லாத" வண்டியை வாங்குவதற்கும், அதைவிட முக்கியமாக, வாங்கியதை காப்பாற்றுவதற்கும் ஏழை தொழிலாளி படும் பாடு இருக்கிறதே, அது தனி கதை.

விலை என்ன?

தாத்தா காலத்தில் இருந்து ஓடும் கறுப்பு கலர் சாதா சைக்கிள், "பார்" வைத்தது, கேரியர், ஸ்டாண்டுடன் சேர்த்து இன்றைக்கு 6 ஆயிரம் ரூபாய். கம்பெனியை பொறுத்து ஐநூறு, ஆயிரம் முன்னே பின்னே இருக்கும். தடித்த டயர் போட்ட, இளவட்டங்கள் விரும்பும் சைக்கிள் 8 ஆயிரத்தில் ஆரம்பிக்கிறது. அதற்கு பெரும்பாலும் கேரியர் கிடையாது. தூக்குவாளியை எங்கே வைப்பது? கேட்டால், கேரியர் தனி விலை. கியர் வைத்தது 12 ஆயிரத்தில் இருந்து மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும்.

பேட்டரி சைக்கிள் என்றால் 25 ஆயிரத்துக்கு குறைந்து பேச்சே இல்லை. 30, 35 ஆயிரம் என்பது சர்வ சாதாரணம்.

வரியில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 2017 ஜூலை முதல் 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 5 சதவீதமாக குறைத்துவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், லட்சக்கணக்கில் விலை போகும் பேட்டரி காருக்கு 2019 ஆகஸ்டு முதலே 5 சதவீத வரிதான். காரில் போகிறவருக்கு 5, காலால் மிதிக்கிறவருக்கு 12 என்ற கூத்து ஆறு ஆண்டுகள் நடந்தது!

குறைந்த வரியால் என்ன லாபம்? வரி சேர்க்காமல் 5 ஆயிரத்து 500 ரூபாய் உள்ள சைக்கிளுக்கு முன்பு வரி 660 ரூபாய். இப்போது 275. மிச்சம் 385 ரூபாய். ஒரு சுமாரான பூட்டு வாங்கலாம்.

பூட்டு என்றதும்தான் விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

பூட்டு மட்டும் கிடந்தது!

வாட்ச்மேன் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊர், பேர் தேவையில்லை. அண்ணா சாலையில் எந்த பெரிய கட்டிடத்தின் வாசலில் பார்த்தாலும் இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாதம் 12 ஆயிரம் சொச்சம் சம்பளம். முதலாளியிடம் அட்வான்சு வாங்கி, மாதம் ஆயிரம் ரூபாய் பிடித்தம் என்று பேசி, ஒரு புது சைக்கிள் வாங்குகிறார். ஒரு மாதத்தில் பாதி நாள் உழைத்த கூலி அந்த வண்டியில் நிற்கிறது.

அவர் காவல் காக்கும் கட்டிடத்துக்கு அடியில் பெரிய பார்க்கிங் உண்டு. கார்கள் வரிசையாக நிற்கும். மோட்டார் சைக்கிளுக்கு கோடு போட்டு இடம் விட்டிருப்பார்கள். சைக்கிளுக்கு? "வெளியே போடுப்பா" என்பதுதான் பதில். அடுத்தவர் காரை எல்லாம் கண்கொத்தி பாம்பாக காக்கும் மனிதர், தன் சைக்கிளை பக்கத்து தெருவில் விளக்கு கம்பத்தோடு சேர்த்து கட்டிவிட்டு வருகிறார்.

ஒரு நாள் காலை 6 மணி. டூட்டி முடிந்து போகிறார். கம்பம் இருக்கிறது. அறுந்த சங்கிலியும் பூட்டும் கீழே கிடக்கின்றன. சைக்கிள் இல்லை!

அட்வான்சில் இன்னும் மூன்று மாத பிடித்தம் பாக்கி.

போலீஸ் நிலையத்துக்கு போனால்?

இங்கேதான் பலருக்கு தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. படிப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

2024 ஜூன் 30-ந் தேதி வரை திருட்டு என்றால் திருட்டுதான். இந்திய தண்டனை சட்டம் 379-வது பிரிவு. பொருள் 50 ரூபாய் பெறுமானாலும் சரி, 50 ஆயிரம் பெறுமானாலும் சரி, போலீசார் தாங்களாகவே வழக்கு பதிவு செய்யலாம். துப்பு துலக்கலாம். ஆசாமியை வாரண்டு இல்லாமல் பிடித்து உள்ளே தள்ளலாம்.

2024 ஜூலை 1-ந் தேதி முதல் அந்த சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் திருட்டுக்கு 303-வது பிரிவு. அந்த பிரிவில் 5 ஆயிரம் ரூபாய் என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள்.

திருடிய பொருளின் மதிப்பு 5 ஆயிரத்துக்கு குறைவு, ஆசாமிக்கு இது முதல் தண்டனை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பி கொடுத்துவிட்டான் என்றால், அவனுக்கு ஜெயில் இல்லை. சமூக சேவை செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

அதுமட்டும் அல்ல. கூடவே வந்த நடைமுறை சட்டத்தின் அட்டவணைப்படி, 5 ஆயிரத்துக்கு குறைந்த இந்த வகை திருட்டில் போலீசார் தாங்களாக எப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது. புகாரை எழுதி வைத்துக்கொள்ளலாம். விசாரணை நடத்த வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டு உத்தரவு வேண்டும்.

பசிக்கு திருடியவனையும், அறியாத வயதில் கை வைத்தவனையும் ஜெயிலில் தள்ளி முழு திருடனாக்காமல் இருப்பது நல்ல எண்ணம்தான். அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சட்டம் எழுதியவர்களுக்கு 5 ஆயிரம் ரூபாய் சில்லறை காசு. சைக்கிள்காரருக்கு அது அரை மாத சோறு.

புது சைக்கிள் 6 ஆயிரம். கடையை விட்டு வெளியே வந்து ஒரு ஐப்பசி மழையில் நனைந்தால் போதும், மட்கார்டு துரு பிடித்து, மதிப்பு 4 ஆயிரத்துக்கு வந்துவிடும். இரண்டு வருடம் ஓடியது என்றால் 2 ஆயிரத்துக்கு கேட்பார்கள். ஆக, தேனாம்பேட்டையில் ஓடும் சாதா சைக்கிள்களில் பெரும்பாலானவை அந்த 5 ஆயிரம் ரூபாய் கோட்டுக்கு கீழேதான் ஓடுகின்றன!

புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கும். அதை மடித்து சட்டை பையில் வைத்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு போக வேண்டியதுதான். மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்கு போய் உத்தரவு வாங்கலாமே என்றால், அதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டும். லீவு போட்டால் சம்பளம் "கட்". 4 ஆயிரம் ரூபாய் சைக்கிளுக்காக யார் படி ஏறுவார்கள்?

வில்லை இருந்த காலம்

சைக்கிளுக்கு நம்பர் பிளேட் கிடையாது. அதனால்தான் திருடர்களுக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம். சீட்டை மாற்றி, செயின் கவரை கழற்றி, நாலு ரூபாய் பெயிண்டை அடித்துவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் நகராட்சியும் பஞ்சாயத்தும் சைக்கிளுக்கு வரி வசூலித்து, வருடா வருடம் ஒரு வில்லை கொடுக்கும். அது இல்லாமல் போனால் மடக்குவார்கள். டைனமோ லைட் எரியாவிட்டால் மடக்குவார்கள். "டபுள்ஸ்" போனால் போலீஸ்காரர் சக்கரத்தில் காற்றை பிடுங்கி விடுவார். அந்த கெடுபிடிக்கு அன்றைக்கு திட்டாத ஆள் இல்லை. ஆனால் சைக்கிள் என்று ஒரு வண்டி ரோட்டில் ஓடுகிறது, அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பதையாவது சர்க்கார் ஒப்புக்கொண்டிருந்தது.

சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தபோது ஒரு ஜோக் சொல்வார்கள். காலையில் தொலைத்த சைக்கிளை சாயங்காலம் அங்கே போய் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று. 1985 மே மாதம் மார்க்கெட் தீயில் எரிந்து போனது. திருட்டு சைக்கிளுக்கு மட்டும் இன்றும் வழி அடைபடவில்லை.

ஒரு யோசனை. சைக்கிள் வாங்கும் எல்லோருக்கும் இது உதவும். ஒவ்வொரு சைக்கிள் பிரேமிலும் ஒரு நம்பர் அடித்திருப்பார்கள். பெடல் அச்சு போகும் இடத்துக்கு அடியில் இருக்கும், அல்லது சீட்டுக்கு கீழே உள்ள குழாயில் இருக்கும். வண்டியை தலைகீழாக கவிழ்த்து அந்த நம்பரை குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிளோடு நின்று ஒரு போட்டோ. கடை பில் பத்திரம். பில் இருந்தால்தான் வண்டியின் மதிப்பு 5 ஆயிரத்துக்கு மேல் என்று வாதாடவாவது முடியும். பில் இல்லாமல் "கொஞ்சம் குறைச்சு தாங்க" என்று வாங்குகிறவர்கள் மிச்சம் பிடிப்பது நூறு. இழப்பது ஆறாயிரம்.

பேட்டரி சைக்கிள் கட்டுமா?

சரி, மிதித்து மிதித்து முட்டி தேய்ந்தவர்கள் பேட்டரி சைக்கிள் பக்கம் போகலாமா? கணக்கு போட்டு பார்த்துவிடுவோம்.

வீட்டில் இருந்து தேனாம்பேட்டைக்கு 8 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக, வர 16. மாதம் 25 நாள் வேலை. மொத்தம் 400 கிலோ மீட்டர்.

மோட்டார் சைக்கிளில் போனால் லிட்டருக்கு 45 கிலோ மீட்டர் கொடுக்கும் என்றாலும் 9 லிட்டர் வேண்டும். சென்னையில் பெட்ரோல் 2021 ஜூலையில் முதல்முறையாக 100 ரூபாயை தாண்டியது. 100 ரூபாய் என்றே வைத்தாலும் பெட்ரோலுக்கு மட்டும் 900. மாநகர பஸ்சில் இஷ்டம்போல் போய் வரும் மாத பாஸ் ஆயிரம் ரூபாய்.

பேட்டரி சைக்கிள் சாதாரணமாக ஒரு சார்ஜில் 25 கிலோ மீட்டர் ஓடும். மாதம் 16 முறை சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒரு முறைக்கு கால் யூனிட் கரண்டு. ஆக மாதம் 4 யூனிட். குடக்கூலிக்கு இருப்பவரிடம் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 10 ரூபாய் கறந்தால்கூட 40 ரூபாய்தான்!

அடடா, கொள்ளை லாபம் என்று குதிக்க வேண்டாம். பேட்டரி என்பது மழை தண்ணீர் இல்லை, தானாக நிரம்ப. ஐநூறு முறை சார்ஜ் ஏற்றிய பிறகு அதன் சக்தி குறைய ஆரம்பிக்கும். மாதம் 16 முறை என்றால் இரண்டரை வருடத்தில் ஐநூறு தொட்டுவிடும். புது பேட்டரி 8 ஆயிரம் முதல் 12 ஆயிரம் ரூபாய் வரை. 10 ஆயிரம் என்று வைத்தால் மாதத்துக்கு 320 ரூபாய் அதற்கென்று எடுத்து வைக்க வேண்டும். கரண்டோடு சேர்த்து 360.

பஸ் பாசோடு ஒப்பிட்டால் மாதம் 640 ரூபாய் மிச்சம். 30 ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய வண்டிக்கு முதல் கைக்கு வர 47 மாதம். கிட்டத்தட்ட நாலு வருடம். வட்டிக்கு வாங்கி வாங்கினால் இன்னும் தள்ளிப்போகும்.

சாதா சைக்கிள்? டயர், டியூப், பஞ்சர், பிரேக் கட்டை, வருடம் ஒரு முறை ஓவராயில் எல்லாம் சேர்த்து மாதம் 100, 150 ரூபாய் ஒதுக்கினாலும் ஏழெட்டு மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். அதற்கு மேல் ஓடுவது எல்லாம் லாபம். திருடு போகாமல் இருந்தால்! மூன்றாம் மாதமே பறிபோனால் எல்லா கணக்கும் தலைகீழ்.

30 ஆயிரம் ரூபாய் பேட்டரி சைக்கிளை விளக்கு கம்பத்தில் கட்டிவிட்டு எந்த மனிதருக்கு வேலை ஓடும்? மாடிக்கு தூக்கி போகலாம் என்றால் 20 கிலோவுக்கு மேல் கனம். பேட்டரியை தனியாக கழற்றும் மாடலாக பார்த்து வாங்குவது ஒன்றுதான் வழி. அதையும் ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டு தூங்காமல், கம்பெனி கொடுத்த சார்ஜரிலேயே ஏற்றி, நிரம்பியதும் எடுத்துவிட வேண்டும்.

"வாகனம் இல்லை!"

இந்த பேட்டரி சைக்கிளுக்கு சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. மோட்டார் 250 வாட்டுக்கு குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்கு மேல் போகாமலும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்சு, ஆர்.சி. புத்தகம், நம்பர் பிளேட் எதுவும் தேவையில்லை. (வேகத்தை கூட்டித்தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். 25-ஐ தாண்டினால் அது மோட்டார் வாகனம். விபத்து ஏதும் நடந்தால் தலைவலி உங்களுக்குத்தான்.)

வாகனம் இல்லை என்பதில் லாபம் இருப்பது போலவே நஷ்டமும் இருக்கிறது. மத்திய சர்க்கார் 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடத்திய "பேம்" இரண்டாம் கட்ட திட்டத்தில் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியவர்களுக்கு ஆயிரக்கணக்கில் மானியம் கிடைத்தது. 2021 ஜூன் முதல் இரண்டு வருடம், பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணி சக்திக்கும் 15 ஆயிரம் ரூபாய் வரை அள்ளி கொடுத்தார்கள். பின்னர் வந்த "பி.எம். இ-டிரைவ்" திட்டத்திலும் ஸ்கூட்டருக்கு மானியம். பேட்டரி சைக்கிளுக்கு இரண்டிலும் பட்டை நாமம்! ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டர் வாங்கும் ஆபீசருக்கு மானியம், 30 ஆயிரம் ரூபாய் சைக்கிளுக்கு முக்கும் குமாஸ்தாவுக்கு இல்லை.

டெல்லி மாநில சர்க்கார் மட்டும் 2022-ல் ஒரு காரியம் செய்தது. முதல் 10 ஆயிரம் பேட்டரி சைக்கிள்களுக்கு விலையில் கால் பங்கு, அதிகபட்சம் 5 ஆயிரத்து 500 ரூபாய் மானியம் அறிவித்தது. முதலில் வாங்கும் ஆயிரம் பேருக்கு மேற்கொண்டு 2 ஆயிரம். முடியாத காரியம் இல்லை என்பதற்காக இதை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்தில் ஒன்று

சென்னைக்கு சைக்கிள் புதிது அல்ல. சைக்கிள் செய்யும் ஊரே இதுதான்! முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ல் ஆரம்பமானது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அம்பத்தூரில் பூட்டி முடுக்கி வெளியே வந்தவைதான். பள்ளிக்கூட வாத்தியாரும், தபால்காரரும், மெடிக்கல் ரெப்பும் அதில்தான் போனார்கள்.

1970-ல் எடுத்த கணக்குப்படி சென்னையில் நடந்த பயணங்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று சைக்கிளில். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வந்தது. மிதிக்கவும் செய்யலாம், பெட்ரோலிலும் ஓடும். பின்னால் மனைவியை ஏற்றிக்கொண்டு போகலாம். மளிகைக்கடைக்காரர்கள் முதலில் தாவினார்கள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். 2008-ல் கணக்கு பார்த்தபோது சைக்கிள் பயணம் நூற்றுக்கு 6 ஆகிவிட்டது. மோட்டார் இரு சக்கர வண்டி 25!

கூடவே தெருமுனை சைக்கிள் கடைகளும் மூடிக்கொண்டன. மணி கணக்கில் வாடகைக்கு விட்டு, போர்டில் சாக்பீசால் நேரம் குறித்த கடைகள் அவை. இன்றைக்கு அண்ணா சாலையில் போக்ஸ் கம்பி ஒன்று அறுந்தால் கட்டித்தர ஆள் தேட வேண்டும். பழைய சைக்கிள் மெக்கானிக் எல்லாம் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஆகிவிட்டார்கள். "சைக்கிளுக்கு கோட்டம் எடுக்க ஒரு மணி நேரம், கூலி கேட்டால் சண்டை" என்பது அவர்கள் கட்சி. அதுவும் நியாயம்தான்.

அப்பா ஓட்டும் அரசு சைக்கிள்

விடிகாலை ஊர்வலத்தை கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். சில சைக்கிள்களில் அரசு முத்திரை இருக்கும். ஓட்டுகிறவருக்கு நாற்பத்தைந்து வயது!

பிளஸ்-1 படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் அது. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காக ஆரம்பித்து, 2005-06 முதல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிந்த திட்டம். 2022 ஜூலையில் 6 லட்சத்து 35 ஆயிரம் பிள்ளைகளுக்கு 323 கோடி ரூபாயில் கொடுக்க ஆரம்பித்தார்கள். வகுத்து பார்த்தால் ஒரு சைக்கிள் 5 ஆயிரத்து சொச்சம். பையன் பஸ்சில் இலவச பாசில் பள்ளிக்கூடம் போகிறான். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்கு போகிறார். குடும்பத்துக்கு கிடைத்த ஒரே புது சைக்கிள் அதுதான்.

அம்மாவுக்கு பஸ் இலவசம். 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வீட்டு வேலைக்கு போகும் பெண்களுக்கு அது எத்தனை பெரிய உதவி என்று அவர்களை கேட்டால் தெரியும். ஆனால் மாவாட்டும் அப்பாவுக்கு காலை நாலரை மணிக்கே வேலை. அந்த நேரத்தில் பஸ்சை நம்பி நிற்க முடியாது. மெட்ரோ ரெயில் தேனாம்பேட்டைக்கு 2018 மே மாதமே வந்துவிட்டது. குளுகுளு வசதி, கண்ணாடி கதவு, எல்லாம் ஜோர். அதுவும் அந்த நேரத்தில் ஓடாது. 2 கிலோ மீட்டரை தாண்டினால் 20 ரூபாய், 5-ஐ தாண்டினால் 30.

செல்போனில் திறக்கும் வாடகை சைக்கிள் என்று 2019-ல் ஒரு திட்டம் வந்தது. மணிக்கு சில ரூபாய்தான் வாடகை. 2020 ஆகஸ்டில் அதில் பேட்டரி சைக்கிளையும் சேர்த்தார்கள். பூங்காவை சுற்றவும் கடற்கரையில் காற்று வாங்கவும் வந்தவர்கள் ஆசைக்கு ஓட்டினார்கள். விடிகாலை வேலைக்கு போகிறவரின் குடிசை பக்கம் அந்த சைக்கிள் ஸ்டாண்டு வரவே இல்லை. திட்டமும் நிலைக்கவில்லை.

ரோட்டில் இடம் எங்கே?

நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதல் மரியாதை என்று சென்னை மாநகராட்சி 2014-ல் கொள்கையே வகுத்தது. 2019 நவம்பரில் பாண்டிபஜார் நடைபாதை வளாகம் திறந்தார்கள். கார்களுக்கு பக்கத்திலேயே தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி பார்க்கிங்கும் கட்டினார்கள். நடைபாதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஒட்டி கடைகளில் வேலை பார்க்கும் ஆட்களின் சைக்கிள் எங்கே நிற்கும் என்பது மட்டும் வரைபடத்தில் விட்டுப்போன விஷயம்.

தேனாம்பேட்டையில் இருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோ மீட்டர் மேம்பாலத்துக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 621 கோடி ரூபாய். நெரிசல் குறையும் என்றால் நல்லதுதான். ஆனால் வேலைக்காக தடுப்பு வைத்து ரோடு குறுகியபோது முதலில் ஓரம் தள்ளப்பட்டவர் சைக்கிள்காரர்தான். அண்ணா சாலையில் அவருக்கென்று தனி பாதை கிடையாது. பஸ் இடது பக்கம் ஒதுங்கும்போது இவர் சாக்கடை மூடியின் மேல் ஏற வேண்டும்.

மேம்பாலத்துக்கு 621 கோடி. பூட்டோடு சேர்த்து கட்ட ஒரு இரும்பு வளையம், மேலே ஒரு தகர கூரை, அதை பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இதற்கு எவ்வளவு ஆகிவிடும்?

சைக்கிளை பறிகொடுத்த அந்த வாட்ச்மேன் இப்போது 2 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கி ஓட்டுகிறார். பழைய அட்வான்சு பிடித்தமும் இன்னும் முடியவில்லை. அதே தெரு, அதே விளக்கு கம்பம்.

ஆனால் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டுவிட்டார். டூட்டிக்கு வந்ததும் சைக்கிளின் சீட்டை கழற்றி எடுத்து வந்து, தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். சீட் இல்லாத சைக்கிளை ஓட்டிக்கொண்டு எவனும் வெகு தூரம் போக முடியாது அல்லவா?